சிறுபொருளிற் செவ்விய ஒலி

இசையை நுணுகிக் கேட்க விழையும் மாணாக்கர் நம் கல்லூரியிற் பலர் உளர். அவருள் ஒருசாரார் நல்ல ஹெட்போன் ஒன்றை அரிதின் முயன்று வாங்கிய பின்னர், "இதற்குத் தனியே ஓர் ஆம்ப்ளிபையர் வேண்டுமன்றோ? டாக் எனப்படும் மாற்றுக் கருவியும் வேண்டுமன்றோ?" என்னும் ஐயத்தில் வீழ்கின்றனர். ஐயம் பிறந்தவுடன் கடை தேடிச் செல்லுதல் இயல்பு. கடைக்குச் சென்றவர் வெறுங்கையராய் மீளுதல் அரிது. ஐயாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு எண்ணாயிரம் ரூபாய்ப் பெருக்கியைப் பூட்டித் தம் உதவித்தொகை முழுவதையும் அதில் முடக்கியவரையும் யான் அறிவேன். அப்பொருள் தேர்வுக் கட்டணத்திற்கும் நூல் வாங்குதற்கும் வந்த பொருள். ஆதலின் இவ்விரு கருவிகளும் யாவை, எவர்க்கு வேண்டும், எவர்க்கு வேண்டா, எத்துணைப் பொருளில் அமையும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். யான் தமிழ் பயில்வோன். எனினும் இதற்கு வேண்டப்படும் கணக்கு பள்ளி மேல்வகுப்புக் கணக்கினும் கடிதன்று.

முதற்கண் அவ்விரண்டின் தொழிலையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் பாட்டு ஒலியாக உறைவதன்று. எண்களின் நிரலாக உறைகின்றது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுவட்டின் முறையை எடுத்துக்கொள்வோம். பாடுவோரின் ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று, ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களால் எழுதப்பெறுகின்றது. இவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்குவது மாற்றி. வழக்கில் டாக் என்பர். அவ்வலை மெலிது. ஹெட்போனின் உள்ளே இருக்கும் சவ்வை அசைத்தற்குரிய வன்மையை அதற்கு ஊட்டுவது பெருக்கி. ஆம்ப்ளிபையர் என்பது இதுவே. ஏட்டைப் பிழையறப் படிப்போன் மாற்றியாயின், அவன் குரலை அவையின் கடைவரிசைக்குக் கொண்டு சேர்ப்போன் பெருக்கி.

இவை இரண்டும் புதிதாகத் தேடிச் சேர்க்கவேண்டிய பொருள்கள் என்று எண்ணுதல் பிழை. ஹெட்போன் செருகுதற்குத் துளையுள்ள கைப்பேசி ஒவ்வொன்றினுள்ளும் இரண்டும் அடங்கியுள்ளன. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஏழாம் ஐபோனில் அத்துளையை அடைத்தது. பிறரும் பையப்பையப் பின்தொடர்ந்தனர். அன்றுமுதல் விரல் நீளமே உள்ள ஒரு சிறு வடத்தை, டாங்கிள் என்பதனை, இடையிற் பூட்டவேண்டியதாயிற்று. அதன் முனையில் அவரைக்கொட்டை அளவினதாய் இருக்கும் முடிச்சினுள்ளே மாற்றியும் பெருக்கியும் ஒருங்கே உறைகின்றன. உருவத்தில் இதனையே ஒத்து, உள்ளே யாதும் இல்லாத வெறும் இணைப்பு வடங்களும் விற்கப்படுகின்றன. அவை சில கைப்பேசிகளில் வாய் திறவா. வாங்குவோர் "இதில் டாக் உண்டா?" என்று வாய்விட்டு வினவுதல் நலம். இனிக் கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன்களில் மாற்றியும் பெருக்கியும் செவியருகே அக்கருவிக்குள்ளேயே அமைந்திருத்தலின், வெளியே வேறொன்று வாங்கிப் பயனில்லை. அத்தகையதே தம்மிடம் உள்ளதாயின் அன்பர்கள் இக்கட்டுரையை இவ்வளவில் நிறுத்திப் பணத்தைப் பேணிக்கொள்ளலாம்.

கம்பியுடைய ஹெட்போன் உடையார்க்கு இனி உரைப்போம். அதன் பெட்டியின்மீது இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று ஓம் என்னும் அளவையாற் குறிக்கப்படும் மின்தடை. மற்றொன்று உணர்திறன், ஒரு மில்லிவாட் ஆற்றலை ஊட்டினால் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பது அதன் பொருள். கடைக்காரர் பலர் முதலாம் எண்ணையே காட்டி, "ஓம் மிகுதி, ஆதலாற் பெருக்கி இன்றியமையாதது" என்பர். இரண்டாம் எண்ணையும் உடன் வைத்து எண்ணினாலன்றி முதலாவதால் யாதும் தெளியாது. கணக்கு வருமாறு: வோல்ட் அளவைத் தன்னாற் பெருக்கி ஓமால் வகுத்தால் ஆற்றல் வாட்டிற் கிடைக்கும். ஆற்றல் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் கூடும். பதின்மடங்கானால் 10 டெசிபெல் கூடும்.

ஆப்பிள் நிறுவனத்தின் சிறு வடம் ஏறத்தாழ 1 வோல்ட் தரவல்லது. விலை ஆயிரம் ரூபாயை ஒட்டியது. ஐரோப்பாவில் விற்பதற்கென அமைந்தது மட்டும் இதிற் பாதி வன்மையது. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் என்னும் ஹெட்போனுக்கு 38 ஓம், 99 டெசிபெல். ஒன்றை 38ஆல் வகுக்க ஏறத்தாழ 26 மில்லிவாட் வரும். அஃது ஒரு மில்லிவாட்டினும் 14 டெசிபெல் மிகுதி. ஆகவே அச்சிறு வடமே அதனை 113 டெசிபெல் வரை முழங்கச் செய்யும். ஓம் மிக்கது என்று அஞ்சப்படும் பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ வகையை நோக்குவோம். அதற்கு 250 ஓம், 96 டெசிபெல். ஒன்றை 250ஆல் வகுக்க 4 மில்லிவாட்; அதாவது 6 டெசிபெல் மிகுதி; ஆகவே 102 டெசிபெல்.

இவ்வளவு போதுமா என்று கேட்பர். அமைதியான அறையில் நிறைவாகக் கேட்பதற்குச் சராசரி 75 டெசிபெல் சாலும். மேனாட்டுப் பேரிசைக் குழுவின் பதிவில் உச்சங்கள் சராசரிக்கு மேல் 20 டெசிபெல் அளவுக்குத் தாவும். இக்காலத் திரைப்பாடல்களோ உச்சமும் சராசரியும் நெருங்குமாறு நெருக்கிப் பதியப்படுவன. எவ்வகையிற் கூட்டினும் 95ஐ அடுத்து நிற்கும். ஆதலின் 250 ஓம் கருவிக்கும் ஆயிரம் ரூபாய் வடம் அமைகின்றது. பெருக்கி மெய்யாகவே வேண்டப்படும் கருவிகளும் உள, ஹைபைமன் எச்.ஈ. 6 என்பது அத்தகையது. 50 ஓம்தான், ஆயினும் உணர்திறன் 83.5 டெசிபெல்லே. அதனை 105 டெசிபெல்லுக்கு உயர்த்த 140 மில்லிவாட் வேண்டும். ஓம் குறைந்ததே பெருக்கிக்குப் பெரும்பசி உடையதாயிற்று, காண்க. ஆனால் அத்துணை விலையுள்ள ஹெட்போனை வாங்கவல்லார் மலிவான பெருக்கி எது என்று நம்மிடம் கேட்க வாரார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தார் சிலர் உணர்திறனை மில்லிவாட்டிற்கு உரைப்பர். சிலர் வோல்ட்டிற்கு உரைப்பர். 32 ஓம் கருவி ஒன்றற்கு இவ்விரு முறையிற் கூறும் எண்கள் 15 டெசிபெல் வேறுபடும். எம்முறையிற் கூறப்பட்டது என்பதை நோக்காது இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவோர், படியையும் மரக்காலையும் ஒன்றாக எண்ணி நெல் அளப்பவரேயாவர்.

பெருக்கி வேண்டும் என்பாரிற் பெரும்பாலார்க்கு உண்மையிற் குறையாயிருப்பது ஆற்றலன்று, அமைதி. திருநின்றவூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலுக்கு வருவோர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவ்விரைச்சலினிடையே இருக்கின்றனர். பலகணிகள் திறந்திருக்கும், சக்கரத்தின் ஓசையும் ஊதலும் விற்பனையாளர் குரலும் பாட்டை விழுங்கும். உடனே விரல் ஒலியளவைக் கூட்டும். மேற்கொண்டு கூட்ட இடமில்லாதபோது, "என் கைப்பேசிக்கு வன்மை போதாது" என்னும் எண்ணம் தோன்றும். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு யாதெனின், 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது. 3 டெசிபெல் கூடுந்தோறும் காலம் பாதியாகும். 83க்கு 20 மணி. 86க்கு 10 மணி. 89க்கு 5 மணி. 95க்கு ஒன்றேகால் மணியே. வண்டி இரைச்சலை வெல்ல 95க்கு உயர்த்துவோர், வாரம் முழுமைக்கும் உரிய பங்கைத் திங்கட்கிழமை முதற் பயணத்திலேயே ஏறத்தாழச் செலவிட்டு விடுகின்றனர். இளைஞருள் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு செவித்திறன் இழக்கும் இடரில் உளர் என்று அந்நிறுவனம் 2022இல் அறிவித்தது. செவியின் உட்பகுதியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீள முளைப்பதில்லை. இத்தகையார்க்குப் பெருக்கி வாங்கித் தருதல் தீங்கை விலைகொடுத்து வாங்குதலாகும். செவித்துளையை நன்கு அடைக்கும் மென்மையான ரப்பர் முனைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. புற இரைச்சல் அதனால் அடங்க, குறைந்த ஒலியிலேயே பாட்டுத் தெளிவுறும்.

இனி மாற்றியைப் பற்றிச் சிறிது கூறுவோம். 16 இலக்க முறையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி உண்டு. நொடிக்கு 44,100 அளவீடு என்பது 20,000 அதிர்வு வரையுள்ள ஒலி அனைத்தையும் குறைவின்றி மீட்கப் போதும். மாந்தர் செவியின் மேல் எல்லையும் அதுவே, அதுவும் இளமையில். இதற்கு மேம்பட்ட நுண்பதிவுகளைச் செவி பிரித்தறியுமா என்று மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். நுண்பதிவு ஒருபுறம், அதனையே குறுவட்டின் அளவுக்குக் குறுக்கியது மறுபுறம். எது எதுவென்று கேட்போர்க்குச் சொல்லவில்லை. 554 சோதனைகளில் 276 முறை விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டி விடை கூறியிருப்பினும் இதுவே வந்திருக்கும். மேற்கூறிய ஆயிரம் ரூபாய் வடத்தின் இரைச்சலும் பிறழ்ச்சியும் பாட்டினும் நூறு டெசிபெல் அளவு தாழ்ந்தே நிற்பதாக அளந்தோர் கண்டனர். எனவே மாற்றியின் பொருட்டுப் பதினாயிரம் ஈவது வீண். ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய மேசைக் கணிப்பொறியின் முன்புறத் துளையிற் செருகினால், உள்ளிருக்கும் மின்சுற்றுகளின் சீழ்க்கை பாட்டோடு கலந்து கேட்கும். சுட்டியை அசைக்கும்போது அது மாறுவதையும் காணலாம். அவ்விடத்து வெளியே தொங்கும் எளிய மாற்றி ஒன்று அக்குறையைத் தீர்க்கும்.

"யான் கேட்டேனே, வேறுபாடு தெளிவாக இருந்ததே" என்பார்க்கு யாது விடை? அவர் பொய் கூறவில்லை. செவி கேட்பதிற் பெரும்பகுதியை மனம் கட்டுகின்றது. திருநின்றவூர்ப் பூசலாரை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். எம் சமயம் வேறாயினும் பெரியபுராணத்துள் அவர் வரலாற்றைப் பயிலுந்தோறும் யான் வியப்பதுண்டு. கல்லும் பொன்னும் இன்றி அடித்தளம் முதற் சிகரம் ஈறாக உள்ளத்திலேயே கோயில் எடுத்து, அதற்குக் குடமுழுக்கு நாளும் குறித்தார் அவர். காஞ்சியிற் கல்லால் எடுத்த மன்னனின் கோயில் அந்நாளிற் பின்னிடவேண்டியதாயிற்று. மனத்தின் கட்டுமானத் திறன் அத்தகையது. அஃது அடியவர்க்குப் பேறு. பொருள் வாங்குவோர்க்கோ இடர். எண்ணாயிரம் கொடுத்துவிட்ட மனம் எண்ணாயிரத்திற்குரிய ஒலியைத் தானே எழுப்பிக்கொள்ளும். அன்றியும் இரு கருவிகளுள் ஒன்று மிகச் சிறிதே உரத்து ஒலித்தாலும், உரப்பு என்று தோன்றாது இனிமை என்றே செவிக்குத் தோன்றும். விற்போர் இதனை நன்கு அறிவர்.

ஆதலின் ஒப்பிடுவோர் இரண்டையும் முதலில் ஒரே அளவுக்குக் கொணர்தல் வேண்டும். இயற்பியல் கூடத்தில் உள்ள மல்டிமீட்டர் போதும். 200 அதிர்வுள்ள ஒற்றை ஒலியை ஓடவிட்டு, ஹெட்போனையும் செருகிய நிலையில், இரு கருவியின் வெளியீட்டு வோல்ட்டும் ஒத்து வரும்வரை திருகுக. உயர்ந்த அதிர்வுகளில் எளிய மீட்டர்கள் பிழைபட அளத்தலின் தாழ்ந்த அதிர்வைக் கூறினேன். பின்னர் நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டித் தமக்கு வாய்த்ததைக் கேட்போர் காணாதவாறு இணைக்கட்டும். 16 முறை இவ்வாறு செய்து விடைகளை எழுதுக. பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாயின், அது குருட்டுவாய்ப்பாக நேர்தற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு நான்கே. வேறுபாடு உண்டு எனக் கொள்ளலாம். எட்டோ ஒன்பதோ வந்தாற் பணத்தை மீண்டும் பைக்குள் இடுக. தமிழிசையில் சுருதிகள் 22 என்று வழிவழியாக உரைத்ததை அப்படியே கொள்ளாது, கணக்கிட்டு 24 என நாட்ட முயன்ற தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், எண்ணோடு அமையாமல் 1916இல் பரோடாவிற் கூடிய இசை மாநாட்டில் தம் புதல்வியரைக்கொண்டு இசைத்தும் காட்டச் செய்தார். அவர் முடிபை ஏலாதாரும் உளர். எண்ணையும் செவியையும் ஒருங்கே சான்றாக நிறுத்திய அவர் நெறியை மறுப்பார் இலர்.

தமிழ் மாணாக்கராகிய நமக்குத் தனியே உரைக்கவேண்டியது ஒன்று உண்டு. நாடக மேடைப் பாடல்களும் ஓதுவார் பாடிய தேவாரமும் பழைய ஞானக் கீர்த்தனைகளும் நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற இசைத்தட்டுகளிலிருந்து எடுக்கப்பெற்று இன்று கைப்பேசியிற் கிடைக்கின்றன. அவற்றைத் துலக்கமாகக் கேட்கவே பெருக்கி வாங்கினேன் என்றார் வகுப்புத் தோழர் ஒருவர். 1925க்கு முன்னர்ப் பாடகர் பெரியதொரு கூம்பின் வாயிற் பாட, அவ்வதிர்வே ஊசியை அசைத்துத் தட்டிற் கீறிற்று. அம்முறையில் ஏறத்தாழ 200 முதல் 2,500 வரையுள்ள அதிர்வுகளே பதிந்தன. பின்னர் மின்முறை வந்தும் எல்லை ஐயாறாயிரம் அளவுக்கே உயர்ந்தது. ச என்னும் உரசொலியின் உயிர்ப்பகுதியிற் பெரும்பங்கு அதற்கு மேலேயே உளது. ஆகவேதான் அப்பாடல்களிற் சொற்கள் மழுங்கி ஒலிக்கின்றன. தட்டில் இல்லாததை எப்பெருக்கியும் தருவதற்கில்லை. அவற்றைக் கேட்டு எழுதுவோர்க்கு உதவுவது ஒலியின் ஏற்றத்தாழ்வைப் பகுதி பகுதியாகச் சரிப்படுத்தும் ஈக்குவலைசர் என்னும் மென்பொருள். ஊசியின் இரைச்சல் மிக்க மேற்பகுதியைத் தாழ்த்திச் சொல் விளங்கும் இரண்டாயிரத்தை ஒட்டிய பகுதியைச் சிறிது உயர்த்தினால் வேறுபாடு தெரியும். அதற்கு விலை இல்லை.

ஆற்றலும் துலக்கமும் நிறைந்திருந்தும் கருவி பொருந்தாது போகும் இடம் ஒன்று உளது. அது பெருக்கியின் சொந்த மின்தடை. ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்கிற்கு அது மிகாதிருத்தல் நன்று; 32 ஓமுக்கு 4 ஓம். 1996ஆம் ஆண்டின் அனைத்துலக மின்தொழில்நுட்ப விதி ஒன்று 120 ஓமைப் பரிந்துரைத்திருந்தது. பழைய ஒலிப்பேழைகள் பல அவ்வாறே அமைந்தன. செவித்துளையுட் செருகும் கருவிகளுள் பல ஒலிப்பான்களை ஒருங்கே கொண்டவற்றின் தடை அதிர்வுக்கு அதிர்வு மாறுவது. அவற்றை 120 ஓம் பெருக்கியிற் பூட்டினால் வீணை ஒருவாறாகவும் மிருதங்கம் வேறொருவாறாகவும் திரிந்து ஒலிக்கும்.

இத்துணையும் ஆராய்ந்த பின்னரும் பெருக்கி வேண்டும் என்று கண்டவர்க்கு மலிவான நெறிகள் இல்லாமல் இல்லை. சூ மோய் என்பவர் 1990களின் இறுதியில் வெளியிட்ட மின்சுற்றை உலகெங்கும் மாணவர் மிட்டாய்த் தகரப் பேழைக்குள் அமைத்து மகிழ்ந்தனர். அதற்கு ஒரு சில்லும் 9 வோல்ட் மின்கலமும் சில தடைகளும் மின்தேக்கிகளுமே வேண்டும். 2011இல் என்டபிள்யு-ஏவி-கை என்னும் புனைபெயருடைய பொறியாளர் ஒருவர், விலையுயர்ந்த பெருக்கிகளின் குறைகளை அளவீடுகளால் எடுத்துக்காட்டியதோடு நில்லாது, ஓ2 என்னும் பெருக்கியை வகுத்து அதன் அமைப்பை எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வழங்கினார். தம் பெயரை ஒருபோதும் வெளியிடாது 2012இல் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். அவர் அமைப்பு இன்றும் பயன்படுகின்றது. இவற்றிற்கு வேண்டிய உறுப்புகளைச் சென்னை ரிச்சித் தெருவிற் சில்லறையாகவே வாங்கலாம். நம் இயற்பியல் மாணவர் பற்றவைக்கும் கைத்திறனைச் சிறிது ஈந்தால் ஒரு விடுமுறை நாளில் முடியும்.

கட்டியதையே வாங்குவோர் தம் கைப்பேசியையும் ஹெட்போனையும் உடன் கொண்டு செல்க. ஆண்டிராய்டுக் கைப்பேசிகள் சிலவற்றில் ஆப்பிள் வடம் ஒலி தாழ்ந்து வழங்கும். கடையிலேயே செருகிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பாட்டை நிறுத்திவிட்டுத் திருகைக் கூட்டுக. இரைச்சல் எழுமாயின் அது மெல்லிய செவிச்செருகிகளுக்கு ஆகாது. பின்னர்ப் பாட்டை ஓடவிட்டு மிகத் தாழ்ந்த அளவில் வைத்துக் கேட்க. மலிவான திருகுகளில் அந்நிலையில் ஒரு செவிக்கு மட்டுமே ஒலி வருதல் உண்டு, இரவில் மெல்லக் கேட்போர்க்கு அது பெருங்குறை. வன்மையைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் உள்ளதாயின் தாழ்நிலையிலேயே வைத்து முதலிற் செருகுக. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குக. எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை அச்சீட்டின்மேல் எழுதச் செய்தால், பதினாறு முறைச் சோதனையை விடுதி அறையில் அமைதியாக நடத்திப் பார்க்க அந்நாட்கள் உதவும்.